கர்ப்ப காலத்தில் நாள்பட்ட வலி: மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா, மாற்றுவதா?

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் இங்கே சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறார். 7 வாரக் கர்ப்பம். உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்காக மூன்று வருடமாக இரவில் ப்ரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை எடுத்து வந்தவர், பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த அன்றே பயந்துபோய் மாத்திரையை விட்டுவிட்டார். நான்கு நாளாகத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது என்றார். இன்னொருவர் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறார். முதுகெலும்பு இறுகிப்போகும் வாத நோய். இன்னும் கர்ப்பமாகவில்லை. “மாத்திரை, ஊசி எல்லாத்தையும் விட்டாத்தான் பிள்ளைக்கு முயற்சி செய்யலாமாக்கா?” என்று கேட்டார்.

நான் மருத்துவர் இல்லை. இடுப்பு வட்டு பிதுங்கி, இடது கால் நரம்பில் ஒன்பது வருடமாக வலியோடு இருப்பவள். இரண்டரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளைச் சுமப்பதற்கு முன்னும் சுமந்தபோதும் பெற்ற பின்னும் ஒவ்வொரு மாத்திரையாக இந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் தேடி, சில இடங்களில் தப்பாக முடிவெடுத்துத் திருத்திக்கொண்டேன். அந்த இருவருக்கும் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முடிவு உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது. ஆனால் அந்த அறைக்குள் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால், கிடைக்கிற பத்து நிமிடமும் வீணாகாது.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது?

வீட்டுப் பெரியவர்கள் ஒரே ஒரு அளவுகோலை வைத்துத்தான் பேசுவார்கள்: “பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா?” அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது மட்டும் போதாது.

எந்த வாரம்? ஒரே மாத்திரைக்கு 6ஆம் வாரத்தில் ஒரு பதில், 24ஆம் வாரத்தில் வேறு பதில். குழந்தையின் உறுப்புகள் உருவாவது பெரும்பாலும் முதல் 10, 12 வாரங்களில். பிறவிக் குறைபாடு பற்றிய கவலை அந்தக் காலத்துக்கு உரியது. சிறுநீரகம், இதயத்தின் ரத்தக்குழாய் பற்றிய கவலை பின்பாதிக்கு உரியது. பிறந்ததும் குழந்தை மருந்துக்குத் தவிக்குமா என்பது கடைசி வாரங்களைப் பொறுத்தது.

அந்த மருந்தைப் பற்றி எவ்வளவு தெரியும்? பழைய மருந்துகளுக்குப் பல ஆண்டு அனுபவம் இருக்கிறது. புதிதாக வந்தவற்றில் பலவற்றுக்கு, “கெடுதல் என்று தெரியவில்லை” என்பதற்கு “யாரும் போதுமான அளவு பார்க்கவில்லை” என்றுதான் பொருள்.

நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும்? சில மாத்திரைகளை இன்றைக்கே விட்டுவிடலாம். சிலவற்றைச் சட்டென்று விட்டால் அதுவே ஆபத்து.

வலி கட்டுக்குள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தூக்கம் போகும், சாப்பாடு போகும், நடமாட்டம் குறையும், மனம் சோர்ந்துபோகும். அந்த உடம்புக்குள்தான் குழந்தையும் வளர்கிறது. வலியையும் கணக்கில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிரசவம், தாய்ப்பால். ஒன்பது மாதத்தோடு கணக்கு முடிவதில்லை.

பணமும் லீவும் உதவிக்கு ஆளும். இந்த ஊரில் இது பெரிய விஷயம். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை என்றால் அதையும் சேர்த்து 60 நாள். வலி கட்டுமீறினால் அந்த 14 நாள் முதல் மூன்று மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

## வழி 1: எல்லாவற்றையும் நிறுத்துவது

கர்ப்பம் என்று தெரிந்ததும் முதலில் கை போவது இந்த வழிக்குத்தான். பாதுகாப்பானதாகத் தெரிவதும் இதுதான். நானும் இதைத்தான் முதலில் செய்தேன், அதுவும் கர்ப்பமாவதற்கு முன்பே.

பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்த வாரம், சாப்பாட்டு மேசையில் என் மாத்திரை அட்டைகளை எல்லாம் கொட்டினேன். இரவுக்கு ப்ரிகாபலின். வலி மிஞ்சும் நாளுக்கு எட்டோரிகாக்சிப், இங்கே பலருக்கு ஆர்காக்சியா என்றால் தெரியும். அதுவும் கேட்காவிட்டால் ட்ரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரை. இடையில் பனடால், அதாவது வெறும் பாராசிட்டமால். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “இவ்வளவுமா உள்ளே போகுது? நாங்க நாலு பெத்தோம், ஒரு மாத்திரை தொட்டதில்லைம்மா” என்றார். அவர் மனசில் அக்கறையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அன்றிரவு எல்லாவற்றையும் அலமாரி மேல் தட்டில் ஏற்றிவிட்டேன்.

இரண்டாம் இரவு வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் காலை சாக்ஸ் மாட்டப் பத்து நிமிடம் ஆனது. கணவர் தரையில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிவிட்டார். ஐந்தாம் நாள் மருத்துவரிடம் போனபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: “இதை இப்படி நிறுத்தக்கூடாது.”

ப்ரிகாபலின், காபாபென்டின், டுலாக்செட்டின், ட்ரமடால், கோடீன் போன்றவற்றை நாள்கணக்கில் தொடர்ந்து எடுத்தவர்கள் சட்டென்று விட்டால், தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். ப்ரிகாபலினைத் திடீரென்று விட்டால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். ட்ரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வகைக்கு உடம்பு பழகிவிட்ட கர்ப்பிணி அதைத் திடீரென விடுவது குழந்தைக்கும் நல்லதல்ல. குறைத்தால் படிப்படியாக, மருத்துவர் கண்காணிப்பில்தான் குறைக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்றும் உண்டு. மாத்திரை இல்லாத இடத்தை ஏதாவது வந்து நிரப்பும். தைலம், பிளாஸ்டர், இணையத்தில் வாங்கும் “மூலிகை” வலி மாத்திரை, ஊரிலிருந்து வரும் லேகியம். இயற்கை என்று விற்கப்படும் வலி நிவாரணிகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் வலி மருந்துகளும் கலந்திருந்ததாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. உறையில் எழுதாத மருந்தை அளவு தெரியாமல் சாப்பிடுவதைவிட, உறையில் எழுதிய மருந்தை அளவோடு சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

பிளாஸ்டரையும் லேசாக எண்ணக்கூடாது. கடைகளில் கிடைக்கும் பலவற்றில் கீட்டோப்ரோஃபென் அல்லது மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. தோல் வழியாகவும் மருந்து ரத்தத்துக்குப் போகும். கீட்டோப்ரோஃபென் பிளாஸ்டரையும் டைக்ளோஃபினாக் ஜெல்லையும் கடைசி மூன்று மாதத்தில் தொடவே கூடாது. அதற்கு முன்பும் மருந்தாளரைக் கேட்காமல் ஒட்ட வேண்டாம்.

யாருக்கு இது சரி? எப்போதாவது ஒரு நாள் மாத்திரை எடுப்பவர்களுக்கு, வலி மிதமாக இருப்பவர்களுக்கு. இன்னொரு கூட்டத்துக்கு இது கட்டாயம். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளூனமைட் எடுப்பவர்களும், ஒற்றைத் தலைவலிக்கு வால்ப்ரோயேட், டோப்பிராமேட் எடுப்பவர்களும் கர்ப்பமாவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி அவற்றிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி 1 முதல் 3 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். லெஃப்ளூனமைட் உடம்பில் நீண்ட நாள் தங்கும் என்பதால் அதை வெளியேற்றவே தனியாக மருந்து கொடுப்பார்கள்.

## வழி 2: இப்போது எடுப்பதையே தொடர்வது

இதற்கு ஒரே பதில் கிடையாது. மருந்துக்கு மருந்து, வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் அட்டவணை போடுகிறேன்.

| மருந்து | முதல் 12 வாரம் | 20 வாரத்துக்குப் பின் | பாலூட்டும்போது |
|---|---|---|---|
| பாராசிட்டமால் | முதல் தேர்வு, தேவையான அளவு மட்டும் | அதே | எடுக்கலாம் |
| இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபெனமிக் ஆசிட் | மருத்துவர் சொன்னால் மட்டும் | தவிர்க்க வேண்டும் | இபுப்ரோஃபென் பொதுவாகச் சரி |
| எட்டோரிகாக்சிப் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் |
| ட்ரமடால், கோடீன் | கண்காணிப்போடு, குறைந்த நாள் | தொடர்ந்து எடுத்தால் பிறந்த குழந்தைக்குத் தவிப்பு வரலாம் | தவிர்ப்பது நல்லது |
| ப்ரிகாபலின் | தவிர்க்கப் பார்ப்பார்கள் | மருத்துவர் எடைபோட்டுச் சொல்ல வேண்டும் | மருத்துவரைக் கேட்டு |
| அமிட்ரிப்டிலின், குறைந்த அளவில் | நீண்ட அனுபவம் உண்டு | பிறந்ததும் குழந்தையைக் கவனிப்பார்கள் | பொதுவாக ஏற்கப்படுகிறது |

அட்டவணையில் அடங்காத சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

பாராசிட்டமால். 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு இதையும் ஆட்டிசத்தையும் சேர்த்துப் பேசியதிலிருந்து, பனடாலைத் தொடவே பயப்படுகிற பெண்களைப் பார்க்கிறேன். 2024இல் ஸ்வீடனில் ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளின் தரவை ஆராய்ந்தார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பிகளை, அக்கா தங்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. கடும் காய்ச்சலையும் கடும் வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் குழந்தைக்கு நன்மை எதுவும் இல்லை.

இதில் நான் பயப்படுவது அளவைத்தான். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம் உச்சவரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. உடல் எடை குறைவானவர்களுக்கு அதைவிடக் குறைத்துச் சொல்வார்கள். நாள்பட்ட வலிக்காரர்கள் இந்த வரம்பைத் தெரியாமலேயே தாண்டிவிடுவார்கள். ட்ரமடால் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. தசைப்பிடிப்புக்கு இங்கே கிளினிக்குகளில் சாதாரணமாகத் தரும் அனாரெக்ஸில் 450. எட்டு பனடாலோடு அந்தக் கூட்டு மாத்திரை மூன்று சேர்ந்தால் ஏறக்குறைய 5,000. கெடுவது கல்லீரல். ஒரு தாளில் நேரத்தையும் மில்லிகிராமையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். அப்புறம், பனடால் எக்ஸ்ட்ராவில் மாத்திரைக்கு 65 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாள் முழுவதற்கும் 200தான் வரம்பு. காலையில் ஒரு கோப்பி குடிப்பவர் சாதாரண பனடாலையே வாங்கலாம்.

இபுப்ரோஃபென் குடும்பம். முதுகு, மூட்டு, மாதவிடாய் வலிக்காரர்களின் முதல் துணை இதுதான் என்பதால் கைவிடுவது கஷ்டம். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு இது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில் எச்சரித்தது. 30 வாரத்தை ஒட்டி இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. குழந்தையின் இதயத்துக்கு அருகே பிறந்த பிறகு மூட வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். ரத்த அழுத்தத்துக்காக மகப்பேறு மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் இந்தக் கணக்கில் வராது. இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அதை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

22ஆம் வாரத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை, கால் நரம்பு இழுத்துப் பிடித்துவிட்டது. புளோக்குக்குக் கீழே இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வலியில் சொல்லவில்லை. முகப்பில் கொடுத்த சிறிய பிளாஸ்டிக் பையில் எட்டோரிகாக்சிப் என்று எழுதியிருந்தது. லிஃப்டுக்குக் காத்திருந்தபோதுதான் படித்தேன். திரும்பிப் போய், “நான் 22 வாரம்” என்றேன். உடனே மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கவுண்டரிலும் பெயருக்கு அடுத்தபடி வாரத்தைத்தான் சொன்னேன்.

நரம்பு வலி மருந்து. பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022இல் ப்ரிகாபலின் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளில், முதல் மூன்று மாதத்தில் அதை எடுத்த 2,700க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பார்த்ததில், உயிரோடு பிறந்த 100 குழந்தைகளில் 5.9 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது. இந்த மருந்துகளை எடுக்காத தாய்மாருக்கு அது 4.1. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கூடுதல் அபாயம் உண்மை, தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டியது. அதே நேரத்தில், தெரியாமல் 7 வாரம் எடுத்துவிட்டவரின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். யீஷூன் தங்கையிடம் இதைச் சொன்னபோது அழுதுவிட்டார். நான்கு நாளாக இணையத்தில் முதல் எண்ணை மட்டுமே படித்திருக்கிறார்.

யாருக்கு இது சரி? எடுக்கும் மருந்து அட்டவணையில் நல்ல இடத்தில் இருப்பவர்களுக்கு, அல்லது அதை விட்டால் எழுந்து நடமாடவே முடியாதவர்களுக்கு. இரண்டாவது கூட்டத்துக்கு மறைந்த செலவுகள் உண்டு. ஸ்கேன் கூடும். பிறந்த பிறகு தாதியர் குழந்தையை வழக்கத்தைவிட நீண்ட நேரம் கவனிக்க வேண்டியிருக்கும், சில நாள் கூடுதலாக மருத்துவமனையில் இருக்க நேரலாம். ட்ரமடால், கோடீனைத் தொடர்ந்து எடுத்தவர்களின் குழந்தைக்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிப்பதில் சிரமம் வரலாம். அதற்குக் கவனிப்பும் சிகிச்சையும் உண்டு. பிரசவ அறையில் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அது உடனே கிடைக்கும். வெட்கப்பட்டு மறைக்கக்கூடாத விஷயம் இது.

## வழி 3: கர்ப்பத்துக்கு முன்பே மாற்றிக்கொள்வது

நேரம் இருப்பவர்களுக்கு இதுதான் என் கட்சி. நான் கடைசியில் போனதும் இந்த வழியில்தான். ப்ரிகாபலினை மறுபடி தொடங்கி, ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலினுக்கு மாறினேன். எட்டோரிகாக்சிப் முழுக்கப் போனது. இந்த வகை மருந்துகள் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடலாம், நிறுத்தினால் சரியாகிவிடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டே தினமும் இதைச் சாப்பிடும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஜூரோங் வெஸ்ட் பெண்ணுக்கும் இதையே சொன்னேன். அவருக்கு இருப்பது அழற்சி நோய், வலியை மட்டும் மூடினால் போதாது, நோயையும் அடக்கி வைக்க வேண்டும். அதற்காக அவர் போட்டுக்கொள்ளும் அடலிமுமாப் என்ற உயிரியல் ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்த வேண்டிய அவசியமில்லை. இந்த வகை ஊசிகளைக் கர்ப்பத்தின் ஒரு பகுதி வரையாவது தொடர வாத நோய் மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். இதே வகையில் செர்டோலிசுமாப் என்ற ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டுவது மிகக் குறைவு என்பதால், அதற்கு மாற்றிக் கடைசி வரை தொடர்கிறவர்களும் உண்டு. சல்ஃபாசலசீன், ஹைட்ராக்சிகுளோரோக்வின் போன்ற வாத மாத்திரைகளை எடுப்பவர்களும் பொதுவாகத் தொடரலாம். சல்ஃபாசலசீனோடு ஃபோலிக் ஆசிட் அளவைக் கூட்டிக் கொடுப்பார்கள்.

இங்கே சிங்கப்பூர்க்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று. நம் ஊரில் பிறந்தவுடன் குழந்தைக்குக் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போடுகிறார்கள். அது உயிருள்ள கிருமியைக் கொண்டது. கர்ப்பத்தின் பின்பாதியில் அடலிமுமாப் போன்ற ஊசி போட்டுக்கொண்ட தாயின் குழந்தைக்கு அந்த மருந்து கொஞ்ச காலம் உடம்பில் இருக்கும் என்பதால், பிசிஜியைச் சில மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். வாத நோய் மருத்துவருக்கு இது தெரியும். பிரசவ வார்டில் அன்றைக்கு வேலையில் இருக்கும் தாதிக்கு உங்கள் ஊசி பற்றித் தெரிந்திருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறைந்த செலவு, காலம். நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் வாரங்கள், குறைக்கும் வாரங்கள், புதிய மருந்து பிடிக்கிறதா என்று பார்க்கும் வாரங்கள், அதுவரை கருத்தடை. 28 வயதுக்காரருக்கு ஆறு மாதம் பெரிதில்லை. 38 வயதில், செயற்கைக் கருத்தரிப்புக்கு நாள் குறித்திருப்பவருக்கு அது பெரிய விலை. மாற்றும் காலத்தில் வலி கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆறு வாரத்தில் என் மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி, வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டு வாங்கினேன்.

ஏற்கெனவே கர்ப்பமானவர்களும் மாற்றலாம், ஆனால் அவசரமாக, குறைவான தேர்வுகளோடு. யீஷூன் தங்கை மறுநாளே மருத்துவரைப் பார்த்தார். திடீரென்று விட்டதைச் சரிசெய்து, குறைக்கும் அட்டவணை ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

## வழி 4: மருந்தில்லா வழிகளை முன்னால் வைப்பது

இதை மற்ற மூன்றோடும் சேர்த்துச் செய்யலாம். தனியாக இது மட்டும் போதும் என்று சொல்பவர்களை, எனக்குள்ள வலியின் அளவில், என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைக்க எனக்கு உதவியது இதுதான்.

முதலிடம் தண்ணீருக்கு. 16ஆம் வாரத்திலிருந்து வட்டார நீச்சல் குளத்தில், மார்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் நடந்தேன். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. வயிற்றின் எடையைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அந்த அரைமணி நேரம் மட்டும் ஒன்பது வருடத்துக்கு முந்தைய உடம்பு திரும்பி வந்ததுபோல் இருந்தது. மதியம் மூன்று மணிக்குக் குளத்தில் பெரும்பாலும் பாட்டிமார்தான் இருப்பார்கள். என்னைப் பார்த்ததும் ஓரத்து வரிசையை விட்டுக்கொடுப்பார்கள்.

இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்த பயிற்சிகள், இடுப்புப் பட்டை, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துப் பக்கவாட்டில் படுப்பது எல்லாம் பயன்பட்டன. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து உறங்காமல் இருப்பது குழந்தைக்கும் நல்லது. வலியைக் குறைக்கும் மின்துடிப்புக் கருவியை முதுகில் வைக்கலாமா என்று இயன்முறை மருத்துவரைக் கேட்டுவிட்டு வையுங்கள், வயிற்றின் மேல் மட்டும் கூடாது. வெந்நீர்ப் பை முதுகுக்குச் சரி. சூடான நீர்த்தொட்டியில் நெடுநேரம் அமிழ்ந்து உடம்புச் சூட்டை ஏற்றுவது கூடாது.

எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, தனக்குத் தெரிந்த ஊருட் (மலாய் முறையில் உடம்பு பிடித்துவிடும்) பாட்டியை அழைத்து வருகிறேன் என்றார். அன்பான மனுஷி, எத்தனையோ முறை எனக்காகச் சந்தைக்குப் போய் வந்தவர். வயிற்றையும் இடுப்பையும் அழுத்திப் பிடிப்பது கர்ப்பத்தின்போது வேண்டாம், பிள்ளை பெற்ற பிறகு வரச் சொல்லுங்கள் என்றேன். அப்படியே வந்தார்.

மறைந்த செலவு நேரம்தான். குளத்துக்கு ஒரு மணி, பயிற்சிக்கு அரைமணி, இயன்முறை மருத்துவரிடம் போய்வர அரைநாள். வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை இருந்து, கைக்கு உதவி இல்லாத தாய்க்கு “யோகா செய்” என்று சொல்வது சுலபம். அவருக்கு முதலில் தேவை, வாரத்தில் இரண்டு மாலை மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர்.

## எங்கே பார்ப்பது: மானியமா, தனியாரா?

பலதுறை மருந்தகத்தின் (பாலிக்ளினிக்) பரிந்துரையோடு கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனையில் மானிய நோயாளியாகப் போனால் செலவு குறைவு. மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தை நலம் எல்லாம் பெரிய மருத்துவமனையில் ஒரே கூரையின் கீழ் இருக்கும். ஆனால் மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் வேறு முகம் வரலாம். நாள்பட்ட வலிக்காரருக்கு அது களைப்பு, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். தனியாரில் ஒரே மருத்துவர் கடைசி வரை வருவார். பில் பல மடங்கு. பிரசவத்துக்கு முந்தைய செலவுக்கு, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து 900 வெள்ளி வரை எடுக்கலாம் என்பதால், எங்கே போனாலும் பில்களைத் தூக்கிப்போடாதீர்கள்.

ஓபியாய்டு, உயிரியல் ஊசி, பல மருந்துகள் என்று சிக்கல் இருந்தால் நான் பொது மருத்துவமனையைத்தான் சொல்வேன். சிங்கப்பூர் பொது மருத்துவமனை, டான் டோக் செங், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் வலிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஏற்கெனவே அங்கே பார்ப்பவர், மகப்பேறு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். முகம் மாறும் குறையை நான் ஒரு தாளால் சமாளித்தேன். ஒரே பக்கம்: நோயின் பெயர், இப்போது எடுக்கும் மருந்து, அளவு, எப்போது எதை நிறுத்தினேன், எது ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் அதை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

## பிரசவ அறையும் அதற்குப் பிறகும்

முதுகில் பிரச்சினை இருப்பவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பிரசவ வலி தொடங்கிய பிறகு வலி தெரியாமலிருக்கப் போடும் முதுகுத் தண்டு ஊசி பற்றிக் கேட்டால் தாமதம். ஏழு மாதம் தொடங்கியதும் மயக்க மருந்து நிபுணரைப் பார்க்க ஏற்பாடு கேளுங்கள். எம்ஆர்ஐ படத்தையும் அறிக்கையையும் கொண்டுபோங்கள். எனக்கு அந்தச் சந்திப்பு இருபது நிமிடம்தான். எந்த இடைவெளியில் ஊசி போடலாம் என்று அவர் அன்றே குறித்துவைத்ததால், பிரசவ நாளில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. டுலாக்செட்டின் எடுப்பவர்கள், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு சற்றே கூடலாம் என்பதால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிறந்த பிறகு கணக்கு தலைகீழாகும். 20ஆம் வாரத்தில் கைவிட்ட இபுப்ரோஃபென் திரும்பி வரலாம், தாய்ப்பாலில் அது போகும் அளவு மிகக் குறைவு. அதுவரை ஏதோ அனுமதித்திருந்த கோடீனையும் ட்ரமடாலையும் இப்போது தவிர்க்க வேண்டும். சில தாய்மாரின் உடம்பு இவற்றை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும். அது பாலில் போய்க் குழந்தையின் மூச்சைத் தளரவைக்கலாம் என்பதால்தான் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் பாலூட்டும் தாய்மார் இரண்டையும் எடுக்க வேண்டாம் என்றது. கோடீன் சில இருமல் மருந்துகளிலும் உண்டு. பத்தியக் காலத்தில் இருமல் வந்து கிளினிக்குக்குப் போனால், “பால் கொடுக்கிறேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது, அலமாரி மேல் தட்டில் இருந்த பழைய அட்டைகளை எல்லாம் கணவர் கீழே இறக்கினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, “இது பாலுக்கு ஆகுமா?” என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, ஆகிறதை ஒரு பக்கமும் ஆகாததை இன்னொரு பக்கமும் அடுக்கி வைத்தார்.